வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஒட்டுதல் எங்கிருந்து வரும்?

கேள்வி இதுதான். கோயம்புத்தூரில் ஒரு சிறிய நிறுவனம். வெளி நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் போடுவது, பிஎஃப், ஈஎஸ்ஐ கட்டுவது, ஜிஎஸ்டி தாக்கல் செய்வது எல்லாம் இவர்கள் வேலை. முப்பத்தைந்து பேர். 2020-ல் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் வாடகைக் கட்டடத்தையும் விட்டாயிற்று. இப்போது கோவையில் சிலர், ஈரோடு, திண்டுக்கல், நாகர்கோவில் என்று மற்றவர்கள், அவரவர் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். வேலை நடக்கிறது, ஆனால் ஆட்களிடம் ஒட்டுதல் இல்லை. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் அடுத்தடுத்துப் பேப்பர் போட்டுவிட்டார்கள். "இங்கே எனக்கு யாரையும் தெரியாது, அதனால் போவதில் வருத்தமும் இல்லை" என்று அதில் ஒருவர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை ஜூமில் விளையாட்டு வைத்தால் பாதிப் பேர் வருவதில்லை. இந்த நிலையில், திரையை அவ்வப்போது படம் பிடித்து அனுப்பும் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பேக் ஆபீஸில் டீம் லீடராக ஆரம்பித்து, பல ஊர்களில் பரவிக் கிடக்கும் குழுக்களை நடத்துவதையே தொழிலாகக் கொண்டவன். நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் வேண்டாம். வெள்ளிக்கிழமை விளையாட்டையும் நிறுத்திவிடலாம். அந்தப் பணத்தையும் நேரத்தையும் இரண்டு இடத்தில் போடுங்கள். ஒருவர் வேலையில் மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்துக்குள் இன்னொருவர் கைகொடுக்க வழி செய்யுங்கள். வருடத்தில் சில நாள் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். ஒட்டுதல் வேலை வழியாகத்தான் வரும். கூட மாட நின்று ஒரு கஷ்டத்தைத் தாண்டியவர்களிடம் வரும் பழக்கம், எத்தனை அந்தாக்ஷரி பாடினாலும் வராது.

வீட்டிலிருந்து வேலை செய்யும்போது எது குறைகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. சீனாவின் சீட்ரிப் என்ற பயண நிறுவனம் தன் ஷாங்காய் கால் சென்டரில் 2010 டிசம்பரில் தொடங்கி ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தியது. விருப்பம் தெரிவித்தவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருப்பவர்கள் வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள், மற்றவர்கள் ஆபீஸில். ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவரது குழுவும் இதை ஆராய்ந்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த இரண்டை மட்டும்தான். நீங்கள் படிக்க வேண்டியது அதன் மிச்சத்தை. சோதனை முடிந்து "இனி உங்கள் விருப்பம்" என்று சொன்னதும், வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள். தனிமை தாங்கவில்லை என்பதுதான் முக்கியக் காரணம். இன்னொன்று, ஒரே அளவு வேலை செய்தவர்களை ஒப்பிட்டால், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பது குறைந்திருந்தது. கண்ணில் படாதவர் கணக்கிலும் வரவில்லை.

மைக்ரோசாஃப்டின் அமெரிக்க ஊழியர்கள் 61,000 பேருக்கு மேல் 2020-ன் முதல் பாதியில் யாரோடு எவ்வளவு பேசினார்கள் என்று பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது. சொந்தக் குழுவுக்குள் பேச்சு இன்னும் இறுகியது. வேறு குழுக்களோடு சேர்ந்து வேலை செய்யும் நேரத்தின் பங்கு ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்தது. உங்கள் சம்பளப் பட்டியல் குழுவுக்கு ஜிஎஸ்டி குழுவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் போவது இப்படித்தான்.

மூன்றாவது ஆய்வு சென்னையில் நடந்தது. டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்து, சிலரை வீட்டிலும் சிலரை ஆபீஸிலும் குலுக்கல் முறையில் உட்கார வைத்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைவு. அந்த வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. மீதி, ஆபீஸில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் போகப் போக வந்தது. ஷாங்காயில் கூடியது, சென்னையில் குறைந்தது. ஒன்றை ஒன்று பொய்யாக்குவதாக நான் நினைக்கவில்லை. ஷாங்காயில் எடுக்கப்பட்டவர்கள் குறைந்தது ஆறு மாத அனுபவம் உள்ளவர்கள், வீட்டில் வேலை செய்யத் தனி அறை இருந்தவர்கள். சென்னையில் வந்தவர்கள் புதியவர்கள். வேலை தெரிந்தவருக்கு வீடு அமைதி தருகிறது, வேலை கற்றுக்கொள்பவருக்கு அதே வீட்டில் கேட்க ஆள் இல்லை. உங்கள் பிரச்சினையின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 14-ஆம் தேதி மாலை நான்கு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பிஎஃப் கட்டக் கடைசி நாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான ஒரு பெண் திண்டுக்கல்லில் தன் வீட்டில் உட்கார்ந்து ஈசிஆர் ஃபைலை, அதாவது மாதாமாதம் கொடுக்கும் பிஎஃப் கணக்குப் பட்டியலை, ஏற்றுகிறாள். ஒரு தொழிலாளியின் பெயர் யூஏஎன் என்ற அவருடைய பிஎஃப் எண்ணின் பதிவில் உள்ளபடி இல்லை என்று ஃபைல் திரும்பி வருகிறது. ஆபீஸாக இருந்தால் பக்கத்து சீட் பக்கம் திரும்பி "அக்கா, இது என்ன?" என்று கேட்டிருப்பாள், அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். வீட்டில் என்ன ஆகிறது? சாட்டைத் திறந்து "ஹாய் அக்கா, பிஸியா இருக்கீங்களா?" என்று டைப் செய்கிறாள். அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம் தெரிகிறது. மீட்டிங்கில் இருக்கிறார் போல என்று அழித்துவிடுகிறாள். டீம் லீடரைக் கேட்கலாம், ஆனால் இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டால்? கூகுளில் தேடுகிறாள். பழைய வீடியோ ஒன்று கிடைக்கிறது, அதில் உள்ள திரை இப்போது மாறிவிட்டது. ஆறரை மணிக்கு டீம் லீடரே கூப்பிட்டு "என்னம்மா, இன்னும் முடியலையா?" என்கிறார். அவர் கோபமாகக்கூடக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த இரண்டரை மணி நேரம் அவள் யாருமற்று இருந்தாள், கடைசியில் குற்றவாளியும் ஆனாள். இது மாதத்துக்கு நாலு தடவை நடந்தால், ஆறாவது மாதம் வேறு வேலை தேட ஆரம்பிப்பாள். போகும்போது சம்பளத்தைக் காரணமாகச் சொல்வாள்.

ஆகவே முதல் வேலை, கேட்கக் கூச்சப்படாத ஒரு இடத்தை உண்டாக்குவது. நான் பார்த்த வரையில் நன்றாக வேலை செய்வது, திறந்தே இருக்கும் ஒரு குரல் அறை. தினமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் குழுவில் எல்லோரும் ஒரே குரல் அழைப்பில் இருப்பார்கள், கேமரா இல்லாமல், மைக்கை அணைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தபடி. அஜெண்டா கிடையாது. சந்தேகம் வந்தவர் மைக்கைப் போட்டுக் கேட்பார். முதல் வாரம் மயான அமைதியாக இருக்கும், விட்டுவிடாதீர்கள். இரண்டாவது வாரம் யாராவது ஒருவர் கேட்பார், அதற்குப் பதில் சொல்லும்போது இன்னும் மூன்று பேர் "எனக்கும் அதே பிரச்சினை" என்பார்கள். கொஞ்ச நாளில் "உங்க ஊர்ல மழையா?" என்ற பேச்சும் தானாக வரும். நீங்கள் வெள்ளிக்கிழமை மாலை வரவழைக்க முயன்ற பேச்சு அதுதான். மாதக் கடைசி, 7-ஆம் தேதி டிடிஎஸ், 15-ஆம் தேதி பிஎஃப், 20-ஆம் தேதி ஜிஎஸ்டி என்று நெருக்கடியான நாட்களில் இதை நாள் முழுக்கக்கூட வைக்கலாம்.

எழுத்தில் கேட்க ஒரு பொதுக் குழுவும் வேண்டும். அதில் ஒரு வழக்கத்தைக் கண்டிப்பாகக் கொண்டுவாருங்கள்: வெறும் "ஹாய்" போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்கிறோம். பெரியவர் நிமிர்ந்து பார்த்த பிறகு விஷயத்தைச் சொல்வது நம் பழக்கம். சாட்டில் அது இரண்டு பேரையும் காக்க வைக்கிறது. "அக்கா, ஈசிஆர் ஃபைல் திரும்பி வருது, பெயர் பொருந்தலைன்னு சொல்லுது, ஸ்க்ரீன்ஷாட் கீழே இருக்கு, 5 மணிக்குள் தெரிந்தால் போதும்" என்று முழுதாக ஒரே செய்தியில் எழுதச் சொல்லிக் கொடுங்கள். யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் எடுத்துக்கொள்வார். இதில் நீங்களும் டீம் லீடர்களும் வாரத்துக்கு ஒரு சந்தேகமாவது வெளிப்படையாகக் கேட்க வேண்டும். மேலே இருப்பவர் "இது எனக்குத் தெரியவில்லை, யாராவது சொல்லுங்கள்" என்று எழுதிய பிறகுதான் கீழே இருப்பவருக்குக் கை வரும்.

இங்கே ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். குழுவோடு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, தங்கள் வேலையைப் பற்றிச் சக ஊழியர்களிடமிருந்து கிடைத்த கருத்துகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம். இளையவர்களுக்கு அதனால் அதிக லாபம். ஆனால் சொல்லிக்கொடுத்த மூத்தவர்களின் சொந்த வேலை குறைந்தது. உங்களிடமும் அதுவே நடக்கும். ஆகவே சீனியர் ஒருவர் சந்தேகம் தீர்ப்பதற்குச் செலவிடும் நேரத்தை அவருடைய வேலையாகவே கணக்கில் எடுங்கள். புதிதாகச் சேர்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீனியரைத் துணையாக நியமித்தால், அந்த மூன்று மாதமும் சீனியரின் கிளையன்ட் எண்ணிக்கையில் ஒன்றிரண்டைக் குறையுங்கள். அப்ரைசலில் அவர் தயார் செய்த ஆளின் பெயரை எழுதுங்கள். இதைச் செய்யாமல் "ஜூனியர்களுக்கு உதவுங்கள்" என்று மீட்டிங்கில் சொன்னால், நல்ல மனசுக்காரர்கள் மட்டும் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து உதவுவார்கள். பிறகு முதலில் போவதும் அவர்கள்தான்.

அடுத்தது தனிப் பேச்சு. டீம் லீடர் ஒவ்வொருவரோடும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும். வீடியோ வேண்டாம், போன் போதும். மொட்டை மாடியில் நடந்தபடி பேசினால் இன்னும் நல்லது. அந்த அரை மணியில் ஸ்டேட்டஸ் கேட்கக் கூடாது. அது தெரிய வேண்டுமானால் ஷீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் சார்" என்றுதான் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். கொஞ்சம் குறிப்பாகக் கேட்க வேண்டும். "போன வாரம் எந்த வேலையில் அதிக நேரம் மாட்டிக்கிட்டீங்க?" "எந்த கிளையன்ட்கிட்ட பேசப் போறப்ப தயக்கமா இருக்கு?" "நான் செய்யறதுல எதை நிறுத்தினா உங்களுக்கு லேசா இருக்கும்?" மூன்றாவது கேள்விக்கு முதல் இரண்டு தடவை பதில் வராது. மூன்றாவது தடவை வரும், வந்ததும் அந்த ஒரு விஷயத்தை உடனே மாற்றிக் காட்டுங்கள். அப்புறம் எல்லாமே வரும். பேசி முடித்ததும் இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றீர்களே, முடிந்ததா?" என்று அடுத்த முறை கேட்கும் டீம் லீடரை யாரும் சுலபத்தில் விட்டுப் போவதில்லை.

இதற்கெல்லாம் ஒரு லீடருக்குக் கீழே ஆறேழு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உங்களுக்கு மூன்று லீடர்கள்தான் என்றால் இன்னும் இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள். நான் சொல்லும் செலவுகளில் பெரியது இது. நல்ல வேலைக்காரர் ஒருவர் போய், புது ஆளை எடுத்துப் பழக்க ஆகும் செலவோடு வைத்துப் பாருங்கள்.

மீட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். கேமராவைப் போட்டே ஆக வேண்டும் என்ற விதி உங்களிடம் இருந்தால் எடுத்துவிடுங்கள். வீடியோ கால் ஏன் களைப்பூட்டுகிறது என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் நான்கு காரணம் சொன்னார்: முகங்கள் மிக நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்ப்பது, அசையாமல் உட்கார வேண்டியிருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ளவும் தெரிவிக்கவும் கூடுதலாக மெனக்கெட வேண்டியிருப்பது. நம் வீடுகளில் ஐந்தாவதாக ஒன்று உண்டு, அது பின்னால் தெரியும் வீடு. ஒரே ஹால். அதில்தான் டிவி, அதில்தான் மாமனார் ஈஸி சேர், அதில்தான் துணி மடிப்பது. கேமராவைப் போடு என்றால் அங்கே வேலை பார்க்கும் பெண் முதலில் வீட்டில் எல்லோரையும் நகர்த்த வேண்டும். அந்தச் சங்கடத்தைக் கொடுத்துவிட்டு அவளிடம் ஈடுபாட்டை எதிர்பார்க்க முடியாது. புது ஆள் சேர்ந்த முதல் நாள் அறிமுகத்துக்கு மட்டும் முகம் காட்டச் சொல்லுங்கள், அதையும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். காலை ஒன்பது மணி மீட்டிங் ஆபீஸுக்குச் சரி. வீட்டில் அது டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளையை வேனில் ஏற்றி, தண்ணீர் பிடிக்கும் நேரம். பத்தேகாலுக்குத் தள்ளி வைத்தால் எதுவும் கெட்டுவிடாது. குழுவில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் திடீரெனப் பேச ஆரம்பிக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் ஆண் அறைக் கதவை மூடிக்கொள்ளலாம். பல வீடுகளில் பெண்ணுக்கு "வீட்லதானே இருக்கே" என்ற பேச்சுதான் கிடைக்கிறது. இதை நிறுவனம் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஆனால் வேலை நேரத்தை எழுத்தில் தெளிவாகக் கொடுத்து, அந்தக் கடிதத்தை வீட்டில் காட்டிக்கொள்ளலாம் என்று சொல்லலாம். சாதாரண விஷயம், பலருக்கு உதவியிருக்கிறது. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகும் பேசி முடிவு செய்து வீட்டிலிருந்து வேலை செய்ய வழி வைத்தது. உங்கள் பெண்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்பதில் உங்களிடம் ஒரு ஓட்டை இருக்கலாம். கோவையில் இருக்கும் நீங்களும் மூன்று நான்கு பேரும் அடிக்கடி டீக்கடையில் சந்தித்துப் பேசுவீர்கள். அங்கேயே பாதி முடிவாகிவிடும். நாகர்கோவிலில் இருப்பவருக்கு அது மூன்றாவது நாள் யார் வாயிலிருந்தோ தெரியவரும். தான் வெளியாள் என்று ஒருவருக்குத் தோன்ற இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. தலைமையகமே இல்லாமல், அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் ஆட்களை வைத்து நடக்கும் கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனம் இதற்குக் கண்ட வழி எழுதிவைப்பது. விடுப்பு எப்படி எடுப்பது என்பதிலிருந்து முடிவுகளை யார் எடுப்பது என்பது வரை எல்லாவற்றையும் ஒரு கையேட்டில் எழுதி, அதை உலகமே படிக்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அச்சிட்டால் ஆயிரக்கணக்கான பக்கம் வரும். உங்களுக்கு இருபது பக்கம் போதும். ஒவ்வொரு கிளையன்டுக்கும் என்ன விசேஷம், எந்தத் தவறுக்கு என்ன வழி, போன வாரம் என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம். டீக்கடையில் பேசியதை அன்று மாலைக்குள் நாலு வரியில் பொதுக் குழுவில் போடுங்கள், "நாளை மதியம் வரை மாற்றுக் கருத்து சொல்லலாம்" என்ற வரியோடு. தமிழில் எழுதலாம், தங்கிலீஷிலும் எழுதலாம். ஆங்கிலம் சரியாக வரவில்லை என்பதற்காகவே குழுவில் எழுதாமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.

பாராட்டைப் பற்றி ஒரே வார்த்தை. "சூப்பர் டீம், கீப் இட் அப்" என்பது யாருக்கும் போய்ச் சேராது. "ஈரோடு கிளையன்ட்டின் பழைய பாக்கி கணக்கில் மூன்று மாதமாக யாரும் பார்க்காத வித்தியாசத்தை நீங்கள் கண்டுபிடித்தீர்கள், அபராதம் தப்பியது" என்று எழுதினால் சேரும். ஷாங்காய் ஆய்வின் பதவி உயர்வு விஷயத்தையும் மறக்காதீர்கள். அப்ரைசலுக்கு உட்காரும் முன் முப்பத்தைந்து பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கடந்த ஆறு மாதத்தில் அவர் செய்த ஒரு குறிப்பான வேலையை எழுதிப் பாருங்கள். காலியாக நிற்கும் பெயர்கள் பெரும்பாலும் உங்களோடு அதிகம் பேசாதவர்களாக இருப்பார்கள்.

இனி அந்த மென்பொருள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரையைப் படம் பிடிக்கும் கருவியைப் போட்டால் என்ன நடக்கும் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும். ஆட்கள் மௌஸை அசைத்துக்கொண்டே இருக்கக் கற்றுக்கொள்வார்கள். தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்பவரும், கிளையன்டோடு போனில் பேசிக்கொண்டிருப்பவரும் சும்மா இருப்பவராகப் பதிவாவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், "உன்னை நம்பவில்லை" என்று முப்பத்தைந்து பேரிடமும் ஒரே நாளில் சொன்னதாகும். உங்கள் தொழிலில் அளக்க வேண்டியவை ஏற்கனவே கண்ணெதிரே இருக்கின்றன. கெடு தேதிக்குள் முடிந்ததா, எத்தனை திருத்தம் வந்தது, கிளையன்ட் எத்தனை தடவை கூப்பிட்டுக் கேட்டார். இந்த மூன்றையும் எல்லோரும் பார்க்கும்படி ஒரு ஷீட்டில் வையுங்கள். ஒருவர் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு இரவில் சரியாக முடித்துக் கொடுத்தால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

அதே நம்பிக்கை மறுபக்கமும் வேண்டும். இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் "ஒரு சின்ன விஷயம்" என்று அனுப்புவதை நிறுத்துங்கள். வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017-ல் சட்டத்தில் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா 2024-ல் கொண்டுவந்தது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. நீங்கள் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கெடு தேதிக்கு முந்தின இரண்டு நாள் தவிர மற்ற நாட்களில் ஏழு மணிக்கு மேல் செய்தி இல்லை என்று அறிவித்து, அதை முதலில் நீங்களே கடைப்பிடியுங்கள்.

நேரில் சந்திப்பதுதான் அடுத்த பெரிய விஷயம், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். அதே சீன நிறுவனம், இப்போது டிரிப்.காம் என்ற பெயரில், 2021-22-ல் இன்னொரு சோதனை செய்தது. 1,612 பேர், ஆறு மாதம். ஒரு பகுதியினர் வாரம் இரண்டு நாள் வீட்டில், மூன்று நாள் ஆபீஸில். வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்த இரண்டு வருட மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் எந்தக் குறையும் இல்லை. இரண்டும் கலந்த ஏற்பாடுதான் நல்லது என்று காட்டும் உறுதியான சான்று இது. ஆனால் கட்டடமே இல்லாத, நாலு ஊரில் பரவிய உங்களுக்கு வாரம் மூன்று நாள் என்பது நடக்காத காரியம். 2025-க்குள் 25 சதவீதம் பேர் ஆபீஸில் இருந்தால் போதும் என்று 2020 ஏப்ரலில் அறிவித்த டிசிஎஸ், 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்ல முடிந்தது. கட்டடம் அவர்களிடம் இருந்தது.

உங்களால் முடிந்தது இது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் எல்லோரும் கோவைக்கு வரட்டும். தேதியைத் தொழிலே சொல்கிறது: 20-ஆம் தேதி ஜிஎஸ்டி முடிந்த பிறகு, மாதக் கடைசி சம்பளப் பட்டியல் தொடங்கும் முன். 22, 23 வாக்கில் வார நாளாகவே இருக்கட்டும், சனி ஞாயிறைப் பிடுங்காதீர்கள். பஸ், ரயில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நிறுவனச் செலவு, அதையும் முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். பெண்கள் பகல் பயணத்தில் வந்து போகும்படி நேரத்தை வையுங்கள். கைக்குழந்தை இருப்பவர் அம்மாவையோ மாமியாரையோ கூட்டிவர விரும்பினால் அந்தச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்குத்தான் தேவைப்படும், ஆனால் அந்த இருவரும் அதை மறக்க மாட்டார்கள்.

வந்தவர்களை ஏசி ஹாலில் உட்கார வைத்து ஊக்கப் பேச்சாளரைக் கூப்பிடாதீர்கள். இரண்டு பேர் இரண்டு பேராக, வேறு வேறு குழுவிலிருந்து சேர்த்து, ஒரே லேப்டாப் முன்னால் உட்கார வையுங்கள். சம்பளப் பட்டியல் போடுபவர் ஜிஎஸ்டி போடுபவரிடம் தன் வேலையை அரை நாள் காட்டட்டும். மறுநாள் திருப்பிப் போடுங்கள். மதியம் இலை போட்டுச் சாப்பாடு, இடம் மாறி மாறி உட்காரட்டும். மாலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள், மருதமலைக்குப் போகிறவர்கள் போவார்கள், அறையில் படுத்துக் கதை பேசுகிறவர்கள் பேசுவார்கள். திரும்பிப் போன பிறகு அந்தத் திண்டுக்கல் பெண் சாட்டில் "ஹாய் அக்கா" என்று எழுதி அழிக்க மாட்டாள். அக்காவோடு ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள்.

இடைப்பட்ட நாட்களுக்கு, ஒரே ஊரில் மூன்று நான்கு பேர் இருந்தால் அங்கே ஒரு சிறிய அறை எடுத்துக் கொடுங்கள். ஸோகோ தென்காசி அருகே மத்தளம்பாறையில் தொடங்கி, சிறு ஊர்களில் சின்னச் சின்ன அலுவலகங்களை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்களை நகரத்துக்கு இழுக்காமல், ஆபீஸை அவர்கள் பக்கம் கொண்டுபோகும் ஏற்பாடு. உங்கள் அளவுக்கு ஈரோட்டில் நாலு மேசை, இன்வெர்ட்டர், ஒரு நல்ல பிராட்பேண்ட் இணைப்பு போதும். வருவது அவரவர் விருப்பம். வீட்டில் இடம் இல்லாதவர்களும் தனிமை பிடிக்காதவர்களும் தினமும் வருவார்கள். வீட்டிலேயே நிம்மதியாக இருப்பவர்களை இழுக்க வேண்டாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்டுதல் தேவைப்படுவதில்லை. புதிதாகச் சேரும் ஃப்ரெஷர்களை மட்டும் முதல் மூன்று மாதம் கட்டாயம் ஒரு சீனியர் இருக்கும் ஊரில் அப்படி ஒரு அறையில் உட்கார வையுங்கள். சென்னை ஆய்வு சொல்வதும் அதுதான்.

நாற்காலி, இன்வெர்ட்டர், இன்டர்நெட் செலவு இவற்றைச் சொல்லவே தேவையில்லை என்று நினைக்கிறேன். கரண்ட் போனதும் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தன் சொந்த டேட்டாவைச் செலவழித்து உங்கள் வேலையை முடிப்பவரிடம் நிறுவனம் அக்கறையாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்? மாதம் ஒரு தொகையைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள், பில் கேட்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் எதுவும் நிற்காது. இந்த மாதம் குரல் அறை, இரண்டு வாரத்துக்கு ஒரு தனிப் பேச்சு. அடுத்த மாதம் டீக்கடை முடிவுகளை எழுதிப் போடும் பழக்கம். மூன்றாவது மாதம் கோவைச் சந்திப்பு. பலன் தெரிகிறதா என்று பார்க்க நீண்ட சர்வே வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் ஒரே கேள்வி கேளுங்கள்: "வேலையில் மாட்டிக்கொண்டால், உங்கள் டீம் லீடர் தவிர யாரைத் தயங்காமல் கூப்பிடுவீர்கள்?" சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பெயர் சொல்பவரைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு பெயரும் சொல்லாதவர் இருந்தால், அன்று மாலையே அவருக்கு ஒரு துணையைச் சேர்த்து, அடுத்த கிளையன்ட் வேலையை இருவருக்கும் ஒன்றாகக் கொடுங்கள்.